தாவீது, கஸ்டமர் ரிலேஷன்ஸ் மேனேஜர்

சேலையூர்,
12-6-2005

அன்புள்ள பர்வேஸ் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் வெயிலோடு சேர்ந்து கூடியிருக்கிறது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்?

இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். கம்பெனி மெயிலில் குடும்ப விஷயம் எழுதக் கூடாது என்று சட்டம் போட்டவர் நீங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசலாமென்றால் அம்மா ரிசீவருக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதனால் தபால்காரர்தான் எனக்குக் கதி.

புது வெப்சைட்டோடு நீங்கள் அனுப்பிய ப்ரொஃபெஷனல் ஈமெயில் விதிகள் பதினாறையும் படித்தேன். இருபத்து நாலு மணி நேரத்துக்குள் பதில் போட வேண்டும், சரி. எழுத்துப்பிழை இருக்கக் கூடாது, அதுவும் சரி. பதினாலாவது விதிதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. இதுவரை கம்பெனி பெயரை மட்டும் கீழே போட்டு வந்தோம். இனிமேல் 'டேவிட், கஸ்டமர் ரிலேஷன்ஸ் மேனேஜர்' என்று போடச் சொல்கிறீர்கள்.

டேவிட் என்றால் நம் தாவீது அண்ணன். அவர் ஷெட்டில் தோல் வெட்டுகிறவர். இங்கிலீஷில் அவருக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். மெயில் எழுதுகிறவள் நான். போலியோவில் ஒரு கால் சிறுத்தவர்களும் சர்க்கரையில் விரல் போனவர்களும் காகிதத்தில் பாதத்தை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புகிறார்களே, அவர்களிடம் 'காலையில் வரைந்தீர்களா, சாயங்காலம் வரைந்தீர்களா' என்று முதலில் கேட்டது யார்? சாயங்காலம் கால் வீங்கும். காலை அளவுக்குத் தைத்தால் மாலையில் வார் அறுக்கும். அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் செருப்புகள் திரும்பி வருவது நின்றது. கேட்டவள் ஃபஹீமா. பெயர் ஒன்று வேண்டுமென்றால் என் பெயரைப் போட்டால் என்ன? பதில் எழுதவும்.

உங்கள் அன்புத் தங்கை,
ஃபஹீமா

*

எடிசன், நியூ ஜெர்சி,
2-7-2005

அன்புத் தங்கை ஃபஹீமாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்காலுக்கு ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன். இரண்டு வேளை தடவச் சொல். மாடிப்படி ஏற விடாதே.

உன் கடிதத்தைப் படித்து உன் அண்ணிக்கும் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம். ஒரு பெயருக்கா இவ்வளவு கோபம்? கஸ்டமர் செருப்பைப் பார்ப்பதற்கு முன்னால் மெயிலின் கீழே இருக்கிற பெயரைத்தான் பார்க்கிறான். அந்தப் பெயர் அவனுக்கு வாயில் வர வேண்டும், மனதில் உறுத்தக் கூடாது. இங்கே உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத்தான் அது தெரியும். காரணத்தை எழுதப் போனால் கடிதம் நீளும். என் பேச்சை நம்பு.

டேவிட் என்பது பொய்யும் இல்லை. நம் ஷெட்டில் தாவீது இருக்கிறார். நம் அத்தாவுக்குச் சர்க்கரையில் விரல் எடுத்த பிறகு முதல் செருப்பு தைத்தவரும் அவர்தான். நமக்கும் தாவூது நபி உண்டு. பிறகென்ன?

இன்னொன்றும் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதே. ஜமாலிடம் குலா வாங்கி, கல்யாணத்தை முறித்துக்கொண்டு நீ வீட்டுக்கு வந்த பிறகு உனக்கு ஒரு பிடிப்பு வேண்டும் என்றுதான் இந்தக் கம்பெனியை ஆரம்பித்தேன். டொமைன் என் பெயரில் இருக்கிறது, ராத்திரி பகலாக வெப்சைட்டைக் கட்டியவன் நான். பதினாலாவது விதி அப்படியே இருக்கட்டும். பதில் எழுதும்போது 'கால் வலிக்கிறதா, தூக்கம் வருகிறதா' என்றெல்லாம் விசாரிக்காதே. நான் அனுப்பிய மாதிரி பதில்களையே வைத்துக்கொள். நலமாக இரு.

அன்புடன்,
உன் அண்ணன்

*

சேலையூர்,
24-7-2005

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா களிம்பு தடவுகிறார், வாசனை வீடு முழுக்க அடிக்கிறது. நான் சுகம். அங்கே வெயில் எப்படி?

நீங்களும் அண்ணியும் சிரித்தீர்கள் என்று படித்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. எனக்குப் பிடிப்பு கொடுத்தீர்கள், மறுக்கவில்லை. பிடிப்பு கொடுத்தவர் கையையும் சேர்த்து வெட்டிக்கொண்டு போவாரா? ஆனாலும் நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன். போன திங்கட்கிழமையிலிருந்து நான் டேவிட்.

தாவீது அண்ணனிடம் சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை. கத்தியைக் கீழே வைத்தார். "என் பேரை வச்சிக்கோம்மா, அதுக்கின்னா காசா பணமா. ஆனா என் பேர்ல பொய் எய்திடாத. எய்தினா அது உன் கணக்குல போவாது, கர்த்தர்கிட்ட என் கணக்குலதான் போவும்" என்றார். நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் மனைவி எல்லம்மா பக்கத்தில் இன்சோல் தைத்துக்கொண்டிருந்தார். "மேனேஜர் சார், டீ குட்ச்சிட்டு வெட்டுங்க" என்று அன்றைக்கு முழுக்க அவரைக் கிண்டல் செய்தார். எல்லம்மாவை உங்களுக்குத் தெரியுமே. கல்யாணத்துக்கு ஞானஸ்நானம் எடுத்தபோது எஸ்தர் என்று பெயர் மாற்றச் சொன்னார்களாம். ஆண்டவருக்கு எல்லம்மான்னா வெளங்காதா என்று கேட்டுப் பாதிரியார் வாயை அடைத்தவர்.

மாதிரி பதில்களை வைத்து எழுதிப் பார்த்தேன். ஒஹாயோவிலிருந்து மிஸஸ் ஹாலண்ட் என்ற அம்மாள், அறுபத்தெட்டு வயது, ஒரு கால் ஒன்றரை அங்குலம் குட்டை. 'மதிப்புக்குரிய வாடிக்கையாளரே' என்று ஆரம்பித்த மெயிலுக்கு அவரிடமிருந்து பதிலே வரவில்லை. எந்த இடத்தில் வலிக்கிறது, படி ஏறும்போதா இறங்கும்போதா என்று நானாகக் கேட்ட பிறகு இரண்டு பக்கம் எழுதினார். மூன்று ஜோடிக்கு ஆர்டரும் கொடுத்தார். 'டேவிட், இதுவரை எந்த டாக்டரும் இதைக் கேட்டதில்லை' என்கிறார். பாராட்டு உங்கள் டேவிட்டுக்கு, சேர்த்துவிடுகிறேன்.

உங்கள் தங்கை,
ஃபஹீமா

*

சேலையூர்,
10-11-2005

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா பத்திரமாக இருக்கிறார், மேல் வீட்டில் ராஜாராமன் சார் குடும்பத்தோடு ஆறு நாள் இருந்தோம். நேற்று தாம்பரம் பூத்திலிருந்து போனில் அவசரமாகச் சொன்னதை விவரமாக எழுதுகிறேன்.

ஏரி நிரம்பி ஷெட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். தாவீது அண்ணன் கோவிலம்பாக்கத்தில் தன் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நிற்கும்போது, அதை விட்டுவிட்டு நடந்தே வந்து, செருப்பு தைக்கிற கால் வடிவக் கட்டைகளையும் கஸ்டமர்களின் பாத வரைபடங்களையும் பரண் மேல் ஏற்றினார். எல்லம்மா தலையில் சுமந்து எடுத்துக் கொடுத்தார். அவர்களால்தான் வரைபடம் ஒன்றுகூட நனையவில்லை. தோல் மொத்தமும் பூசணம் பிடித்துவிட்டது. தைத்து முடித்துப் பார்சல் கட்ட வைத்திருந்த ஜோடிகளும் போயின.

போன் லைனும் இல்லை, கரண்டும் இல்லை. எப்போது வருமென்று தெரியாது. ஆர்டர் கொடுத்துக் காத்திருப்பவர்கள் நாற்பத்து மூன்று பேர். அவர்களுக்கு நீங்கள் அங்கிருந்து மெயில் போடுங்கள். உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். மழையில் ஷெட் மூழ்கிவிட்டது, நனைந்த தோலில் உங்களுக்குத் தைக்க மாட்டோம், புதுத் தோல் வாங்கித் தைக்க இரண்டு மாதம் ஆகும், வேண்டாமென்றால் பணம் திரும்ப வரும். இவ்வளவுதான் எழுத வேண்டும். காலில் புண் வரக் கூடியவர்கள் அண்ணா, அவர்களுக்குக் காரணம் தெரிய வேண்டும்.

உங்கள் தங்கை,
ஃபஹீமா

*

எடிசன்,
27-11-2005

அன்புத் தங்கைக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். டிவியில் தாம்பரத்தைக் காட்டியபோது நம் தெரு தெரிகிறதா என்று தேடினேன். அம்மாவைக் கொதிக்க வைத்த தண்ணீர்தான் குடிக்கச் சொல்.

நாற்பத்து மூன்று பேருக்கும் மெயில் போட்டுவிட்டேன். ஒருவர்கூடக் கோபப்படவில்லை, ஒரு ஆர்டர்கூடக் கேன்சல் ஆகவில்லை. எல்லோரும் மிக மரியாதையாகப் பதில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பதில்களை நானே பார்த்து முடித்துவிட்டேன், நீ தேட வேண்டாம். புதுத் தோல் வாங்கு, வேலையைக் கவனி. தாவீதுக்கும் எல்லம்மாவுக்கும் என் சலாம் சொல்.

அன்புடன்,
உன் அண்ணன்

*

சேலையூர்,
3-1-2006

அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். இதற்கு மேல் விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனம் இல்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் தபால்காரர் ஒரு கட்டு கார்டு கொண்டுவந்தார். எல்லாம் மிஸ்டர் டேவிட் பெயருக்கு, எல்லாம் அமெரிக்காவிலிருந்து. பண்டிகை வாழ்த்து என்று நினைத்து அப்படியே தாவீது அண்ணன் கையில் கொடுத்தேன். அவர் பெண் ஷீலா, பிளஸ் டூ படிக்கிறாளே, அரைப் பரீட்சை லீவில் ஷெட்டுக்கு வந்திருந்தாள். அவளிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். அவருக்குப் பெருமை. எல்லம்மா ஊசியைத் தோலில் குத்தி வைத்துவிட்டு டீ டம்ளரோடு உட்கார்ந்தார்.

ஷீலா முதல் கார்டைப் பிரித்தாள். கொஞ்சம் படித்தாள், நிறுத்தினாள். இரண்டாவதைப் பிரித்தாள். பிறகு அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னாடி, படி" என்றார் எல்லம்மா. "அம்மா, நீ செத்துட்டேன்னு எய்திருக்குதும்மா" என்றாள் ஷீலா.

நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று இப்படித்தான் எனக்குத் தெரிந்தது, அண்ணா. 'என் மனைவி திடீரென்று காலமானதால் செருப்பு அனுப்பத் தாமதம், பொறுத்தருளவும், இப்படிக்கு டேவிட்.' பதினேழு கார்டு. வெள்ளைப் பூ போட்டது, சிலுவை போட்டது, ஒரு சர்ச்சில் இருபது பேர் கூடி ஜெபம் செய்து எல்லோரும் கையெழுத்துப் போட்டது.

எல்லம்மா முதலில் சிரிக்கத்தான் செய்தார். "எத்தினி பேரு எனுக்காக அய்துகினு கீறாங்க பாரு, எங்கம்மா செத்தப்பகூட இத்தினி பேரு வர்ல" என்றார். மிஸஸ் ஹாலண்டின் கடிதம் வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு. ஆறு பக்கம். அவர் கணவர் போய் மூன்று வருடமாம். 'அவருடைய சட்டைகளை இன்னும் அலமாரியிலிருந்து என்னால் எடுக்க முடியவில்லை. டேவிட், உங்கள் மனைவியின் உடைகளை நீங்கள் என்ன செய்தீர்கள், எனக்குச் சொல்லுங்கள்' என்று கேட்டிருந்தார். ஷீலா அதைத் தமிழில் சொன்னாள்.

"என் பொடவய இன்னா பண்ணாருன்னு கேக்குதா அந்தம்மா?" என்றார் எல்லம்மா. மடியிலிருந்த தோல் துணுக்குகளை உதறிவிட்டு எழுந்து போனார். தாவீது அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கொடுத்த வாக்கு அவருக்கு ஞாபகம் இருந்தது.

மழை என்று எழுதினால் என்ன குறைந்துபோகும்? தலையில் சுமந்து உங்கள் கம்பெனியைக் காப்பாற்றியவரை எந்த மனத்தோடு சாகடித்தீர்கள்? உங்கள் மனைவி செத்துவிட்டார் என்று எழுத உங்களுக்குக் கை வருமா? வராது. எல்லம்மா என்றால் வரும், ஏனென்றால் எல்லம்மா மெயில் படிக்க மாட்டார். நாற்பத்து மூன்று பேருக்கும் உடனே உண்மையை எழுதுங்கள். அதுவரை ஷெட் மூடித்தான் இருக்கும், அவர்கள் இரண்டு பேரும் வரவில்லை.

ஃபஹீமா

*

எடிசன்,
22-1-2006

ஃபஹீமாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். அம்மாவிடம் போனில் பேசினேன், சுகம் என்றார். நீ போனுக்கு வரவில்லை.

நடந்தது வருத்தம்தான். கார்டு அனுப்புவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நீ கொஞ்சம் நிதானமாக யோசி. ஷெட்டில் தண்ணீர், தோலில் பூசணம் என்று எழுதினால் சர்க்கரை நோயாளி எவன் நம்மிடம் மறுபடி செருப்பு வாங்குவான்? வியாபாரத்தில் குறை நம் பொருளில் இருக்கிறதாகக் காட்டக் கூடாது. சாவு என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கேட்கவில்லையே. யாருக்கும் நஷ்டம் இல்லை. எல்லம்மாவும் நன்றாகத்தானே இருக்கிறார்.

இப்போது போய் அது பொய் என்று எழுதினால் அந்த நிமிஷமே கம்பெனி முடிந்தது. ஆகவே எழுத மாட்டேன். நீ ஆத்திரத்தில் ஏதாவது செய்துவிடுவாய் என்று மெயில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். இது தற்காலிகம்தான். எல்லம்மாவுக்கு ஒரு நல்ல புடவை எடுத்துக் கொடு, என் பெயரைச் சொல். சரியாகிவிடும்.

உன் அண்ணன்

*

சேலையூர்,
19-2-2006

அண்ணனுக்கு,

ஸலாம். அம்மா சுகம். அம்மாவுக்கு எல்லாவற்றையும் நான் சொல்லிவிட்டேன்.

எல்லம்மாவுக்குப் புடவை எடுத்துக் கொடுக்கச் சொல்கிறீர்கள். உயிரோடு இருப்பவருக்குக் கோடித் துணியா? உங்கள் மூளை எந்த ஊரில் வேலை செய்கிறது?

பாஸ்வேர்டை மாற்றினீர்கள். நாற்பத்து மூன்று பேரின் வீட்டு முகவரியும் அவர்கள் வரைந்த பாதத்துக்குக் கீழேயே அவர்கள் கைப்பட எழுதியிருக்கிறது, அதற்கு எந்தப் பாஸ்வேர்டும் இல்லை. ஒன்பது நாள் உட்கார்ந்து நாற்பத்து மூன்று பேருக்கும் இங்கிலீஷில் கையால் எழுதினேன். தபால் ஆபீஸில் ஸ்டாம்ப் ஒட்டி ஒட்டி நாக்கு கசந்துவிட்டது. தாவீது தோல் வெட்டுகிறவர், உங்களுக்கு மெயில் எழுதி வந்தவள் நான், என் பெயர் ஃபஹீமா, எல்லம்மா உயிரோடு இருக்கிறார், தாமதத்துக்குக் காரணம் மழை, செருப்பு வேண்டாமென்றால் எழுதுங்கள் என்று எழுதினேன். மரணச் செய்தி யார் எழுதியது என்று மட்டும் எழுதவில்லை. அத்தா பெயரை நினைத்து அதை விட்டேன்.

ஒரு நகலை எடுத்துக்கொண்டு கோவிலம்பாக்கத்துக்குப் போனேன். தாவீது அண்ணன் என்னை உட்காரச் சொன்னார், முகத்தைப் பார்க்கவில்லை. அவர் ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று, என் பெயரில் ஒரு பொய் சாட்சி போயிருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் அறிக்கை செய்தாராம். அவர் செய்யாத பாவத்துக்கு. ஷீலா என் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். எல்லம்மா கேட்டுவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நீ எய்தலயே தாயி, நீ ஏன் மன்னாப்பு கேக்குற? என்னைக் கொன்னவரு ஒருத்தரு, குயி தோண்டி மூட்றது நீயா? எய்தினவரு எய்தட்டும், அவரு பேரைப் போட்டு எய்தட்டும். அப்பதான் நான் அந்த ஷெட்ல வந்து குந்துவேன். நாப்பது வூட்ல என்னைப் பொதச்சி வச்சிகினு, இங்க நான் எந்தக் கையால தெக்கிறது?"

இவர்கள் இல்லாமல் என்னால் ஒரு ஜோடி தைக்க முடியாது. எனக்கு இருக்கிற ஒரே வேலை இது. உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஃபஹீமா

*

எடிசன்,
8-3-2006

ஃபஹீமா,

உன் கைவேலை எல்லோர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மெயில் பெட்டி நிரம்பி வழிகிறது. என்னைக் கேட்காமல் செய்தாய். என் பெயரில் இருக்கிற கம்பெனி அது. இங்கே நான் எப்படிப் பிழைக்கிறேன், எதை விழுங்கிக்கொண்டு பிழைக்கிறேன் என்று உனக்கு என்ன தெரியும்? எட்டாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுவது சுலபம்.

இனி இதில் நீ தலையிடாதே. பதில்களை நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவிடம் போனை எடுக்கச் சொல்.

பர்வேஸ்

*

சேலையூர்,
16-4-2006

அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா போனை எடுக்க மாட்டேன் என்கிறார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, மணி அடிக்கும்போது அவரே எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறார்.

மிஸஸ் ஹாலண்டிடமிருந்து எனக்கு ஒரு பெரிய உறை வந்தது. உள்ளே நான்கு மெயில்களின் பிரிண்ட். எல்லாம் நம் கம்பெனி முகவரியிலிருந்து போனவை. கீழே கையெழுத்து, 'ஃபஹீமா, கஸ்டமர் ரிலேஷன்ஸ் மேனேஜர்'.

'ஒரு பெண்ணாக உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். மீசை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள், அண்ணா. ஊழியர் ஒருவர் அனுபவக் குறைவால் செய்த பிழை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊழியர் யார்? தாவீது அண்ணனா, நானா? ஒரு மெயில் 'மதிப்புக்குரிய வாடிக்கையாளரே' என்று ஆரம்பிக்கிறது. அதைப் பார்த்துத்தான் அந்த அம்மாளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. 'எனக்குக் கையால் கடிதம் எழுதியவர் நீங்கள்தானா, இந்த மெயில்களை எழுதியவரும் நீங்கள்தானா? இனிமேல் யாரை நம்புவது என்று தெரியவில்லை' என்று கேட்கிறார். ஒரு தடவை டேவிட்டுக்குத் தன் மனதைக் கொட்டினார், அது பொய்யாய்ப் போயிற்று. இப்போது ஃபஹீமாவும் பொய்யோ என்று பயப்படுகிறார்.

என் பெயரைப் பார்த்தால் கஸ்டமர் ஓடிவிடுவான் என்றீர்கள். என் கடிதம் கண்ட பிறகு முப்பத்தொரு பேர் ஃபஹீமாவிடம்தான் பேச வேண்டும் என்று எழுதியிருப்பதாக அந்த மெயில்களில் ஒன்றில் நீங்களே சொல்கிறீர்கள். ஓட வைக்கிற பெயர் ஆர்டர் கொண்டுவருகிற பெயரானதும் எடுத்து மாட்டிக்கொண்டீர்கள். நான் கேட்டபோது என் பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. எல்லம்மாவின் உயிரையும் தாவீதின் பெயரையும் என் பெயரையும் எடுத்தாயிற்று. உங்களுக்கென்று ஒரு பெயர் அத்தா வைத்தாரே, அது எங்கே போயிற்று? ஒரு மெயிலிலாவது, ஒரே ஒரு மெயிலிலாவது அதைப் போட்டதுண்டா?

இதுதான் கடைசி. நாற்பத்து மூன்று பேருக்கும் நீங்கள் எழுத வேண்டும். நீங்கள் செய்ததை நீங்கள் செய்ததாக, உங்கள் முழுப் பெயரோடு. இல்லையென்றால் அடுத்த நாற்பத்து மூன்று கடிதங்களில் அந்தப் பெயரை நான் எழுதுவேன். இந்தத் தடவை அத்தாவை நினைத்து விடமாட்டேன். அங்கே எல்லோரும் நலமா என்று கேட்காமல் முடிக்க எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் முடிக்கிறேன்.

ஃபஹீமா

*

எடிசன்,
8-5-2006

ஃபஹீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா சுகமாக இருக்கிறார் என்று ஒரு வரியாவது எழுது. பத்து ஞாயிறாக மணி மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறது.

நீ கேட்டது இத்துடன் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் எல்லோருக்கும் அனுப்பிய மெயிலின் நகல். ஷீலாவை வைத்து எல்லம்மாவுக்கும் தாவீதுக்கும் படித்துக் காட்டு. எல்லம்மா உயிரோடு இருக்கிறார், சாவு என்று எழுதியவன் நான், டேவிட்டுக்கும் ஃபஹீமாவுக்கும் அது தெரியாது, மார்ச் மாதம் ஃபஹீமா என்று எழுதியவனும் நான். இவ்வளவுதான் அதில் இருக்கிறது. காரணம் எதுவும் சொல்லவில்லை. கீழே என் முழுப் பெயர். மிஸஸ் ஹாலண்டுக்கு மட்டும் தனியாக எழுதினேன். அவரிடமிருந்து பதில் வந்தால் உனக்குத்தான் வரும், பாஸ்வேர்டைத் தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இனி மெயிலை நீ பார், உன் பெயரைப் போட்டுக்கொள். எல்லம்மாவிடம் நேரில் பேச எனக்கு இப்போது முகம் இல்லை.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அதனால்தான் இதையும் எழுதுகிறேன், தெரிந்துகொள். என் பெயரை மெயிலில் போட்டதுண்டா என்று கேட்டாய். நகல் எடுக்க ஆபீஸ் பிரிண்டருக்குக் கொடுத்துவிட்டு எழுந்து போவதற்குள், பக்கத்து மேஜைக்காரன் தாளைக் கையில் எடுத்துவிட்டான். நான்கு வருடமாக என்னோடு உட்கார்ந்து மதியம் சாப்பிடுகிறவன். கீழே இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "யார் இந்த பர்வேஸ்? நம் ஆபீஸில் அப்படி யாரும் இல்லையே" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி கேட்டான்.

இங்கே நான் பெர்ரி. 2001 அக்டோபரிலிருந்து, இரட்டைக் கோபுரம் விழுந்ததற்கு அடுத்த மாதத்திலிருந்து. அந்த மாதம் இரண்டு க்ளையண்டுகள் என் மெயிலுக்குப் பதில் போடாமல், வேறு ஆளை எழுதச் சொல்லி மேனேஜருக்கு எழுதினார்கள். மேனேஜர் நல்ல மனிதர், பெயரை மாற்றிக்கொள்ளும்படி மெதுவாகத்தான் சொன்னார். கையெழுத்தில், பெயர்ப்பலகையில், போனில், எல்லாவற்றிலும் பெர்ரி. உன் அண்ணிக்குத் தெரியும். அம்மாவுக்கும் உனக்கும் சொல்ல வாய் வரவில்லை.

தாளை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, நான்தான் என்றேன். ஏதோ வேடிக்கை என்று நினைத்து அவன் சிரித்தான். மறுபடியும் சொன்னேன், அப்போது சிரிக்கவில்லை. இன்று காலை பெயர்ப்பலகையை மாற்றித் தரும்படி மேனேஜருக்கு ஒரு மெயில் போட்டேன். படித்துவிட்டார் என்று தெரிகிறது. பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
பர்வேஸ் அஹமது